இருபத்து மூன்று நாள் தாங்கிய வெல்டிங்

வடிவு தங்கச்சிக்கு, இருளப்பன் எழுதுவது.

போன மாதம் நீங்கள் ரசம் கொண்டுவந்த தூக்குச்சட்டி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூடியின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்ததால் வெல்டிங்கில் இரண்டு புள்ளி வைத்து இறுக்கிவிட்டேன். எவர்சில்வர் மெல்லிசு, கை கொஞ்சம் தடுமாறினாலும் ஓட்டை விழுந்துவிடும். பொறுமையாகத்தான் செய்தேன். இனி ஆடாது.

இதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்கள் போனை முதலில் எடுப்பது உங்கள் சின்ன மகள் மோகனா. இது நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன். சாரதா பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதி வைத்திருந்த நோட்டுதான், பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

சாரதாவின் பதினாறாம் நாளன்று கூடத்தில் அத்தனை பேர் இருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். "அண்ணே, ஒங்களுக்கு வண்டி வேல தெரியும். எம்மக போன வண்டி ஏன் அப்படிப் போச்சு?" ஒருவர் பிரேக் என்றார். ஒருவர் ரோட்டில் பனி என்றார். யாரோ கண்ணேறு என்றார்கள். நான் தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டேன். நீங்கள் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். மகளை எனக்கு மருமகளாகக் கொடுத்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அந்தக் கடன் மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தேயிலை பேக்டரியில் முப்பத்தெட்டு வருஷமாகப் பிட்டராக இருக்கிறேன். ஆனால் உண்மையான வேலையை நான் செய்தது வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில். மேட்டுத் தோட்டக்காரர்களின் லேண்ட்ரோவர், பசங்களின் பழைய கார், மோட்டார் சைக்கிள் என்று எது ஒடிந்தாலும் என்னிடம்தான் வரும். கீழே ஊர்களில் மாஸ்க் போட்டு வெல்டிங் அடிப்பவன் வியர்வையில் குளிக்கிறான். இங்கே அந்தத் தொல்லை இல்லை, குளிரில் கை நடுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். என் கை நடுங்கியதே இல்லை. மற்றவர்கள் அடித்தால் கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கும். நான் அடித்தால் வரி வரியாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். இதுவரை நான் சேர்த்தது ஒன்று கூட சேர்த்த இடத்தில் விட்டதில்லை. வேறு இடத்தில் ஒடியும், என் இடத்தில் ஒடியாது.

என் மகன் தினேசுக்கும் அந்தக் கை வந்திருந்தது. அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. யூடியூப்பைப் பார்த்தும், ஈப்போவில் ஒரு வருஷம் படித்தும் அவனாகவே கற்றுக்கொண்டான். ஒரு காய்கறித் தோட்டத்து மூலையில் பூசணிக்கொடி ஏறிக் கிடந்த லேண்ட்ரோவரை இழுத்து வந்து என் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். மேலே அலுமினியம், துருப்பிடிக்காது. கீழே இருக்கும் இரும்புச் சட்டம் மட்டும் அப்பளமாக நொறுங்கியது. இரண்டு வருஷம், லீவு நாள் விடாமல், வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒவ்வொரு இடமாகச் சேர்த்தான். கல்யாணம் ஆன பிறகு சாரதாவும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். நெருப்பைப் பார்க்காதே என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

இனி வீட்டைப் பற்றி. நீங்களும் தோட்டத்தில் வளர்ந்தவர், சட்டம் தெரியும். வேலை செய்கிறவன் இருக்கும்வரைதான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. அவன் ஓய்வு பெற்றால் மூன்று மாதத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மகனோ மகளோ தோட்டத்தில் வேலையில் இருந்தால் அவர்கள் பெயருக்கு மாறும். எனக்கு இந்த டிசம்பரோடு அறுபது. தினேஸ் பேக்டரியில் இருந்தான், அதனால் நான் கவலைப்படவில்லை. இந்தப் பதினான்காம் நம்பர் வீட்டில்தான் நான் பிறந்தேன். என் வீட்டுக்காரி காளியம்மா கடைசியாகக் கண்ணை மூடியதும் அதே வீட்டில்தான். வேறு எங்கும் நான் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை.

ஜனவரி கடைசியில் தினேசுக்கு மலையிறங்கித் தெற்கே ஜொகூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்தது. ஏப்ரல் முதல் தேதி போய்ச் சேர வேண்டும். அவன் சொன்னபோது வாயெல்லாம் பல்லாக இருந்தான். நானும் நல்லது என்றுதான் சொன்னேன்.

சாரதா மறுநாள் கொட்டகைக்கு வந்தாள்.

"மாமா, அங்க வீடு பாத்தாச்சு. மூணு ரூம்பு. சன்னல் உள்ள ரூம்பு மாமாவுக்குன்னு சொல்லிட்டேன். ஒங்க மிஷினையும் தூக்கிட்டு வந்துருங்க, பின்னால எடம் இருக்கு."

"அங்க சூடும்மா."

"பேன் வாங்கித் தர்றேன்லா மாமா."

நல்ல பெண். மனத்தில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் சன்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவர்கள் வீடு, நான் அங்கே விருந்தாளி. சோறு போட்டால் சாப்பிட வேண்டும், டிவியை அணைத்தால் படுக்க வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை, தங்கச்சி. பயம் வந்தது. அறுபது வயது ஆண் இதை யாரிடம் சொல்ல முடியும்? காளியம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரியில் வண்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஸ்டீயரிங் கம்பி. முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நீளக் கம்பி அது, குழாய் மாதிரி இருக்கும். பழையது வளைந்துபோயிருந்தது.

"புதுசு வாங்கிருவோம்பா. ஈப்போல சொல்லி வச்சா ரெண்டு வாரத்துல வந்துரும்" என்றான் தினேஸ்.

"எதுக்கு? நல்ல பாதி ரெண்டு எங்கிட்ட இருக்கு. சேத்துத் தர்றேன்."

"ஸ்டீயரிங் கம்பிய ஒட்டக்கூடாதுன்னு சொல்வாங்களே."

"ஒட்டத் தெரியாதவன் சொல்வான்."

அவன் சிரித்தான். "நீங்க ஒட்டுனா செரிதாம்பா. நீங்க ஒட்டி எது ஒடைஞ்சிருக்கு."

அந்த வண்டியில் ஆயிரம் இடம் அவன் சேர்த்தது. இந்த ஓர் இடத்தை மட்டும்தான் என் கையில் கொடுத்தான்.

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு விளிம்பையும் சரிவாகச் சீவ வேண்டும். உள்ளே ஒரு சின்னக் குழாயைச் செருக வேண்டும். பிறகு அடியில் ஒன்று, மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று என மூன்று சுற்று. நான் சீவவில்லை. உள்ளே ஒன்றும் செருகவில்லை. மிஷின் கரண்ட்டைக் குறைத்து வைத்து ஒரே சுற்று, மேலோடு போனேன். அதையும் கிரைண்டரில் தேய்த்து மட்டமாக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். சேர்த்த அடையாளமே தெரியவில்லை. தினேஸ் வாங்கிப் பார்த்து, சுத்தியலால் தட்டி, "பேக்டரி சாமான் மாதிரி இருக்குப்பா" என்றான்.

நீங்கள் இந்த இடத்தில் நோட்டை மூடிவிட வேண்டாம். கொலை செய்ய நினைத்தவன் இல்லை நான். என் கணக்கைக் கேளுங்கள்.

தினேஸ் தினமும் காலையில் அந்த வண்டியில்தான் பேக்டரிக்குப் போவான். லயத்திலிருந்து கோவிலைத் தாண்டி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் வரை கல் ரோடு. குண்டும் குழியும், பத்து மைலுக்கு மேல் வேகம் எடுக்க முடியாது. ஒரு பக்கம் மலைச் சுவர், அதன் கீழே முழங்கால் ஆழக் கால்வாய். கம்பி விட்டால் வண்டி கால்வாயில் இறங்கும். கை ஒடியலாம், கால் ஒடியலாம், மாவுக்கட்டோடு இரண்டு மாதம். ஏப்ரல் முதல் தேதிக்கு ஜொகூர் போக முடியாது. கப்பல் பட்டறைக்காரன் காத்திருக்க மாட்டான், வேறு ஆளைப் போட்டுவிடுவான். தினேஸ் பேக்டரியிலேயே இருப்பான், டிசம்பரில் வீடு அவன் பெயருக்கு வரும். ஒரு காலுக்கு ஒரு வீடு. பெற்றவன் போடக்கூடிய கணக்குத்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நான் அடித்த அடிக்கு அந்தக் கல் ரோட்டில் ஐந்து நாள் தாங்கும் என்று மதிப்பிட்டேன்.

ஐந்து நாள் ஆனது. காலையில் நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வண்டி கோவிலைத் தாண்டும், திருப்பத்தில் கியர் மாறும், பிறகு சத்தம் தேய்ந்துபோகும். சாயங்காலம் திரும்பி வரும். ஆறாம் நாள், எட்டாம் நாள், பத்தாம் நாள். ஒன்றும் ஆகவில்லை. தினேஸ் தேயிலை மூட்டை ஏற்றினான், ஒரு நாள் சேற்றில் மாட்டிய லோரியை அந்த வண்டியால் இழுத்துவிட்டான். அப்போதும் விடவில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்பதை மறைக்க மாட்டேன். பதினைந்தாம் நாள் வாக்கில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வேண்டுமென்றே கெடுத்துச் செய்ததே இப்படி நிற்கிறதே, என் கை அப்படிப்பட்ட கை என்று தோன்றியது. இரும்பு கூட என் பேச்சை மீறி எனக்கு மரியாதை செய்கிறது என்று நினைத்தேன். இருபதாம் நாளுக்குப் பிறகு காலையில் காது கொடுத்துக் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். இனி அது ஒடியாது என்றே நம்பிவிட்டேன். சத்தியமாக நம்பினேன். ஜொகூர் போகட்டும், வீட்டுக்கு வேறு வழி பார்ப்போம் என்று கூட ஒரு நாள் நினைத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கம்போங் ராஜாவுக்கு, உங்கள் வீட்டுக்கு, ஜொகூர்ப் பயணம் சொல்லிக்கொண்டு வரக் கிளம்பினார்கள். சாரதா பச்சைப் பாவாடை தாவணி மாதிரி ஏதோ ஒன்று உடுத்தியிருந்தாள், பெயர் தெரியாது, புதுசு. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்தாள்.

"மாமா, வண்டி அவ்ளோ தூரம் போவும்ல?"

"போவும்மா."

"நீங்களும் வாங்களேன். அம்மா மீன் வாங்கி வச்சிருக்கு. ஒங்களுக்குத்தான் மண்டைய எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்."

"முட்டி வலிக்குதும்மா. நீங்க போய்ட்டு வாங்க."

முட்டி வலி பொய் இல்லை. குளிர் நாளில் எனக்கு வலிக்கும். ஆனால் அந்த இருபத்து மூன்று நாளில் ஒரு நாள் கூட நான் அந்த வண்டியில் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பாதி சொல்லிப் பாதியை விழுங்குவதில் அர்த்தமில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். கியா பார்ம் கடைகளைத் தாண்டி ரோடு இறங்குகிறதே, அங்கே. தார் ரோடு, நல்ல ரோடு, அதனால் வேகமும் இருந்திருக்கிறது. திருப்பத்தில் தினேஸ் ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கிறான், சக்கரம் திரும்பவில்லை. பின்னால் தன் வேனில் வந்த பிரிஞ்சாங் ஷம்சுதீன் பாய்தான் எனக்குப் போன் செய்தார். "பெரியவரே, வண்டி காய்கறிப் பாத்தியில எறங்கிருச்சு. மகன் பேசுறாரு. மருமக பேசல" என்றார். வண்டி சாரதாவின் பக்கமாகக் கவிழ்ந்திருந்தது. தினேசுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. நான் நினைத்த அதே கால்.

போலீஸ் வந்தது, படம் எடுத்தது, எழுதியது. நாற்பது வருஷத்துப் பழைய வண்டி, வீட்டில் செய்த வேலை, இரும்பு ஓய்ந்துவிட்டது என்று முடித்தார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் நானே போய் அந்தக் கம்பியின் இரண்டு துண்டையும் கழற்றி எடுத்து வந்தேன். ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். சுற்றிலும் ஒரு மெல்லிய வளையம்தான் பிடித்திருந்தது, நூல் கனம். உள்ளே தொடவே இல்லை. அந்த நூல் கனத்தில் லோரியை இழுத்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன், நீங்கள் கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

தினேசுக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒங்க வெல்டிங் ஒடைஞ்சிருக்காதுப்பா. நாந்தான் பூட்டும்போது என்னமோ தப்புப் பண்ணிட்டேன். நாந்தாம்பா அவளக் கொன்னுட்டேன்" என்றான். நான் அவன் தலையைத் தடவி, "விடுறா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். வெல்டிங் மாஸ்க்கைக் கையால் தொடுவதில்லை. ஜொகூர்ப் பேச்சே இல்லை. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தால் குடிக்கிறான். ஒரு வகையில் பார்த்தால் வீட்டில்தான் இருக்கிறான்.

சாரதாவுக்காக நான் அழவில்லை என்று நினைக்காதீர்கள். கொட்டகையில் அவள் உட்காரும் ஸ்டூலைப் பார்க்க முடியாமல் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். ராத்திரியில் தூக்கம் இல்லை. என்னைப் பார்த்து "பேன் வாங்கித் தர்றேன்லா மாமா" என்று சொன்ன முகம் வந்து நிற்கிறது. நான் செய்தது பாவம்தான். அந்தப் பெண் இறந்ததற்குக் காரணம் என் கை, வேறு யாரும் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். போலீசில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் சொல்லுங்கள், நான் ஓடிப்போக மாட்டேன். எங்கே போவேன்?

ஆனால் சொல்வதற்கு முன்னால் இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகவும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி திருச்செல்வம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். தினேசுக்குக் கால் தேறியதும் பேக்டரியில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறாராம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் வீட்டுப் பேச்சை எடுத்தேன். கிராணி மேஜையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, லயத்து வீடு குடும்பம் உள்ளவனுக்குத்தான். சட்டம் அப்படி. தினேஸ் இப்ப ஒண்டி ஆளு. வெளிநாட்டு ஆளுங்க கூட்டமா தங்குற கொங்சில ஒரு கட்டில் குடுப்பாங்க. டிசம்பருக்கு அப்புறம் நீங்க வேற எடம் பாத்துக்கணும்" என்றார்.

முப்பத்தெட்டு வருஷம் தோட்டத்தில் இருந்தும் இந்தச் சட்டத்தின் இந்தப் பாதியை நான் யோசிக்கவே இல்லை. சாரதா இருந்தால்தான் வீடு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆபீசிலிருந்து வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை.

ஒரு வாரமாக யோசித்துவிட்டேன். தினேஸ் நல்ல பையன், குடி கிடையாது, கால் தேறிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். மோகனாவுக்கு இருபத்து நான்கு ஆகிறது. அக்காள் போன இடத்துக்குத் தங்கையைக் கொடுப்பது நம்மில் புதிது இல்லை. அக்காள் உடுத்திய சேலையெல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கிறது, குசினியில் எது எங்கே என்று மோகனாவுக்கும் தெரியும். வருஷம் திரும்பட்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அதுதான் முறை என்று தெரியும். ஆனால் டிசம்பருக்குள் கல்யாணத்தைப் பதிந்துவிட்டால்தான் வீடு நிற்கும். ஆவணியில் நாள் பார்த்தால் நல்லது. சாரதா இருந்தாலும் தன் தங்கை நம் வீட்டுக்கு வருவதைத்தான் விரும்புவாள்.

தினேசிடம் மட்டும் கம்பி விஷயத்தைச் சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு இப்போது மிச்சம் இருப்பது அப்பாவின் கைமேல் உள்ள நம்பிக்கை ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் அவன் தாங்க மாட்டான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். தூக்குச்சட்டியையும் வெற்றிலை பாக்கையும் கொண்டுவருகிறேன். இதையெல்லாம் முன்கூட்டியே எழுதுவது ஏன் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். உள்ளதை மறைத்து வைத்துப் பெண் கேட்டான் இருளப்பன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.